பனி உள்ளே வருவதில்லை

"யன்னலை இறுக்கிப் பூட்டு தம்பி, பனி உள்ளுக்கு வருது."

பெரியம்மா இதைச் சொன்னபோது இரவு இரண்டு மணி இருக்கும். தை மாதம், நுவரெலியா. அத்தான் தன் பழைய பயணிகள் வானின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஒட்டுப்பலகை அடித்து, மேலே மெத்தை விரித்து, அதை ஒரு படுக்கை வண்டியாக மாற்றியிருந்தார். திருகோணமலையிலிருந்து விடியற்காலை புறப்பட்டு, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, றம்பொடை என்று ஏறி, பின்னேரம் மலையுச்சிக்கு வந்து சேர்ந்தோம். விடுதிச் செலவு மிச்சம் என்பது அத்தானின் கணக்கு. ஆறு பேர் நெருக்கியடித்துப் படுத்தோம்.

யன்னல் ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது. மேல் விளிம்பில் ஒரு நூலிடைவெளி தெரிந்தது. அதையும் ஒரு துவாயை முறுக்கி அடைத்தேன். விடிந்தபோது கண்ணாடிகளில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. கூரைத் தகரத்தின் உட்புறம் முழுக்கத் துளிகள். மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் நனைந்து பலகை கறுத்திருந்தது. "கூரை ஒழுகுது" என்றார் அத்தான். வெளியே ஒரு துளி மழை இல்லை. வானம் வெளித்திருந்தது. புல்லில் மட்டும் துகள் பனி வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

பெரியம்மா சொன்னதையே நானும் பல காலம் நம்பினேன். குளிர் ஊரில் பனி இருக்கிறது, இடைவெளி கிடைத்தால் அது உள்ளே வருகிறது, ஆகவே அடைக்க வேண்டும். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது இயல்பான எண்ணம். அன்று வானுக்குள் வடிந்த தண்ணீரில் வெளியிலிருந்து வந்தது ஒரு துளியும் இல்லை. அத்தனையும் நாங்கள் கொண்டுபோனது. நான் அடைத்த அந்த நூலிடைவெளிதான் அது வெளியேறுவதற்கு மிஞ்சியிருந்த ஒரே வழி.

எங்கள் ஊர்க் காற்றிலிருந்து தொடங்குகிறேன். மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று வங்கக்கடலைத் தடவிக்கொண்டு நேரே துறைமுகத்துக்குள் நுழைகிறது. அந்த நாட்களில் குசினியில் உப்புப் போத்தலைப் பாருங்கள். தூய கறியுப்பு, காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்பளத்து உப்பில் மகனீசியம் குளோரைட்டும் கலந்திருப்பதால் அது அதற்கு வெகு முன்பே கசிந்துவிடும். அதனால்தான் எங்கள் வீடுகளில் உப்புக்குள் நாலு அரிசியைப் போட்டு வைப்பார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. உப்புக் கட்டிபட்டால் காற்று கனத்திருக்கிறது என்று பொருள்.

எவ்வளவு கனம்? 26 பாகை வெப்பநிலையில் ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 24 கிராம் நீராவியைத் தாங்கும். சாரீரப்பதன் 80 சதவீதம் என்றால் அதில் 20 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நீராவி இருக்கிறது. அதே காற்றை 20 பாகைக்குக் குளிர்வித்தால் தாங்கும் அளவு 17 கிராம்; 10 பாகையில் 9.4, 5 பாகையில் 6.8, 0 பாகையில் 4.8, பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையில் வெறும் 2.3 கிராம். தாங்க முடியாத மிச்சம் எங்கேயாவது தண்ணீராக இறங்கியே ஆகவேண்டும். எந்த வெப்பநிலையில் அது இறங்கத் தொடங்குகிறதோ அதுதான் பனிபடுநிலை.

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு அந்தச் செய்முறை நினைவிருக்கும். மினுக்கிய கலோரிமானியில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே, பளபளப்பு எப்போது மங்குகிறது என்று கண்ணிமைக்காமல் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் அந்தச் செய்முறை வெகு விரைவில் முடிந்துவிடும். வெப்பமானி 25-ஐ நெருங்கும்போதே மூட்டம் படியும். மூச்சு அதில் படக்கூடாது என்று ஆசிரியர் எங்களை எட்டி நிற்கச் சொல்வார். ஒருவருடைய மூச்சே முடிவை மாற்றிவிடும் என்று அப்போதே சொல்லித் தந்திருக்கிறார்கள். அது வானுக்குள் படுக்கப்போகும்போது நினைவுக்கு வரவில்லை.

அப்படியானால் திருகோணமலைக் காற்று வானுக்குள் ஏறி நுவரெலியாவுக்கு வந்து தண்ணீராகிவிட்டதா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரிவரவில்லை. அந்த வானின் உள்வெளி சுமார் 10 கனமீற்றர். எங்கள் ஊர்க் காற்றாக அதில் இருந்த நீராவி 200 கிராம். 5 பாகைக்கு இறங்கினால் 68 கிராம் காற்றிலேயே தங்கும். மிச்சம் ஒரு தேநீர்க் கோப்பையளவுதான். அதுவும் வழியில் எத்தனையோ முறை கதவைத் திறந்து மூடியதில் பழைய காற்று போய்விட்டிருக்கும். நாங்கள் துடைத்துப் பிழிந்த தண்ணீரோ ஒரு சிறிய வாளி.

குற்றவாளி காற்று அல்ல, நாங்கள்தான். தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் தண்ணீரை வெளியேற்றுகிறார். ஆறு பேர், ஏழு மணித்தியாலம்: 1,680 கிராம். ஒன்றரை லீற்றர்ப் போத்தல் நிரம்பி வழியும். படுக்கும் முன் இஞ்சித் தேநீர் வைக்கச் சிறிய காஸ் அடுப்பைப் பற்றவைத்தோம். கேத்திலிலிருந்து வந்த ஆவி கண்ணுக்குத் தெரிந்தது. சுவாலையிலிருந்து வந்த ஆவி தெரியவில்லை. புரொப்பேனும் பியூட்டேனும் ஐதரசன் நிறைந்தவை; எரியும்போது அந்த ஐதரசன் ஒட்சிசனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு கிலோ காஸ் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் பிறக்கும். வீட்டுக்கு வாங்கும் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றுக்குள் 20 லீற்றர் தண்ணீர் ஒளிந்திருக்கிறது என்று சொன்னால் பெரும்பாலானோர் நம்பமாட்டார்கள். ஆனால் அது இரசாயனச் சமன்பாட்டில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது.

அதற்கு மேல் குளித்துவிட்டுத் துவைத்த துணிகள். கன்னியா வெந்நீரூற்றில் நீராடிவிட்டுப் புறப்பட வேண்டும் என்று பெரியம்மா விரும்பியதால், ஆறு ஈரத் துவாய்களும் இரண்டு சாரங்களும் வானுக்குள் கொடியில் தொங்கியபடியே மலையேறின. ஒரு பெரிய துவாய் பிழிந்த பிறகும் 300 கிராம் தண்ணீரைச் சுலபமாக வைத்திருக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று எங்களுக்கு அடியிலேயே இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. பலகைதான் அது. மரம் உயிரோடு இல்லாவிட்டாலும் காற்றோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதில்லை. சாரீரப்பதன் 80 சதவீதமான இடத்தில் பல வாரம் கிடக்கும் மரம் தன் உலர்ந்த எடையில் 16 சதவீத அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 30 சதவீதமான இடத்துக்குக் கொண்டுபோனால் 6 சதவீதம் வரை இறக்கிவிடும். நூறு கிலோ மரச் சாமான்கள் உள்ள ஒரு படுக்கை வண்டி கடற்கரையிலிருந்து உலர்ந்த குளிர் நாட்டுக்குப் போய் உள்ளே சூடேற்றப்பட்டால், நாளாவட்டத்தில் 10 லீற்றர் தண்ணீரை உமிழும். மெத்தை, திரைச்சீலை, கம்பளி, காகிதப் பெட்டி எல்லாவற்றுக்கும் இதே குணம். ஊர்க் காற்றை நாங்கள் கண்டியிலேயே விட்டுவிட்டோம். ஊர் ஈரமோ பலகைக்குள் இருந்துகொண்டு எங்களோடு மேலே வந்தது.

இனி, இது ஏன் கண்ணாடியிலும் கூரையிலும் மட்டும் வந்து கூடியது? நீராவிக்குக் குளிர்ந்த இடம் எது என்று தெரியும் என்றே சொல்லத் தோன்றுகிறது. உண்மையில் அது எல்லாத் திசையிலும் பரவுகிறது; பனிபடுநிலைக்குக் கீழே போன பரப்பில் பட்டது மட்டும் திரும்பி வராமல் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே 20 பாகை, சாரீரப்பதன் 60 சதவீதம் என்றால் பனிபடுநிலை 12 பாகை. அதற்குக் கீழே போன எந்தத் தகரமும், எந்தத் திருகாணியின் தலையும் தண்ணீரைச் சேர்க்கும். வானின் கூரைக்கு இன்னொரு கேடும் உண்டு. வெளித்த வானத்தின் கீழ் நிற்கும் தகரம் தன் வெப்பத்தை வானவெளிக்குக் கதிராக வீசிவிட்டுச் சுற்றியுள்ள காற்றையும் விடக் குளிர்ந்துபோகும். நுவரெலியாவில் காற்று 3 அல்லது 4 பாகையில் இருக்கும்போதே புல்லில் துகள் பனி உறைவதும், தேயிலைக் கொழுந்து கருகுவதும் இதே காரணத்தால்தான். முகில் மூடிய இரவில் இந்த இழப்பு குறையும். ஆகவே மழையில்லாத, நட்சத்திரம் தெரிகிற இரவில்தான் கூரை அதிகம் "ஒழுகும்".

திருகோணமலையில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்ள நல்ல இடம் கொழும்புக்குப் போகும் ஏசி பஸ். இரவில் அதன் கண்ணாடி மங்கிவிடும். விரலால் தேய்த்துப் பாருங்கள், மங்கல் போகாது. ஏனென்றால் மூட்டம் படிந்திருப்பது வெளிப்பக்கம். கண்ணாடி குளிர்ந்திருக்கிறது, ஈரம் வெளியே இருக்கிறது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் வியர்ப்பதும் இதுவே. நுவரெலியாவில் விரல் தேய்த்த இடம் தெளிந்தது. மூட்டம் எங்கள் பக்கம். எந்தப் பக்கம் மூட்டம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் ஈரம் கூடுதல். இந்த ஒரு விரல் சோதனை, யன்னலைத் திறப்பதா மூடுவதா என்ற கேள்விக்குப் பாதி விடையைத் தந்துவிடுகிறது.

மீதி விடையைத் துறைமுகம் தருகிறது. சீனக்குடாவில் 1980 அளவில் தொடங்கி இன்றுவரை இயங்கும் பிறிமா மாவாலைக்குக் கோதுமை கப்பலில்தான் வருகிறது. குளிர் நாட்டுத் துறையில் ஏற்றிய தானியம் வாரக்கணக்கில் கடலில் வந்து எங்கள் வெப்பத்துக்குள் நுழையும்போது, குவியலின் உட்பகுதி இன்னும் குளிர்ந்தே இருக்கும். அந்த நேரத்தில் "காற்றோட்டம் நல்லது" என்று கப்பலின் அறையைத் திறந்துவிட்டால், எங்கள் கனத்த காற்று உள்ளே போய்க் குளிர்ந்த தானியத்தின் மேலேயே தண்ணீராக இறங்கிவிடும். கோதுமை பூஞ்சணம் பிடிக்கும். மாறாக, வெப்ப நாட்டில் ஏற்றிய சரக்கு குளிர் கடலுக்குள் போகும்போது, மூடி வைத்தால் சரக்கின் ஈரமே கப்பலின் குளிர்ந்த இரும்பில் பட்டுத் துளியாகி மேலிருந்து மழைபோலப் பெய்யும். ஆகவே கப்பல்காரர்கள் உள்ளேயும் வெளியேயும் பனிபடுநிலையை அளந்து ஒப்பிடுகிறார்கள். வெளியே குறைவென்றால் திறப்பார்கள், கூடவென்றால் மூடுவார்கள். வெப்பத்திலிருந்து குளிருக்குப் போகும்போது திற, குளிரிலிருந்து வெப்பத்துக்கு வரும்போது மூடு என்று இது மாலுமிகளிடையே சுருக்கமாக வழங்குகிறது. கொழும்பிலிருந்து குளிர் நாடுகளுக்குப் போகும் தேயிலைக் கொள்கலன்களுக்கும் இதே ஆபத்து உண்டு. கொள்கலனைக் கடலில் திறந்து திறந்து மூட முடியாது என்பதால், ஈரத்தை உறிஞ்சும் கல்சியம் குளோரைட்டுப் பைகளைச் சுவரில் தொங்கவிடுவது வழக்கம்.

இங்கே ஓர் இடைச்செருகல். சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி அரசியல் பேச்சாக நிறையக் கேட்டிருக்கிறோம். பெரிய உலோகக் கலன் எதுவுமே மூச்சு விடுகிறது என்பதற்கு அவை நல்ல உதாரணம். பகலில் உள்ளேயுள்ள காற்று விரிந்து வெளியேறும். இரவில் சுருங்கி, வெளியே இருக்கும் ஈரக் காற்றை உள்ளிழுக்கும். அது குளிர்ந்த சுவரில் ஒடுங்கி அடியில் தண்ணீராகச் சேரும். எண்ணெய்த் தாங்கிகளின் அடியிலிருந்து அவ்வப்போது தண்ணீரை வடித்தெடுக்க வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாதக்கணக்கில் ஓடாமல் வளவில் பூட்டிக் கிடக்கும் வானும் இதே மூச்சை விடுகிறது. உள்ளே யாரும் இல்லாமலே மெத்தை நனைவது அப்படித்தான்.

மாலுமிகளின் விதியை எடுத்துக்கொண்டு எங்கள் வானுக்குத் திரும்புவோம். நான்கு பேர் தூங்கும் ஒரு வண்டியை 18 பாகையிலும் 60 சதவீதத்துக்கு மேற்படாமலும் வைத்திருக்க வேண்டும் என்று வையுங்கள். அந்த நிலையில் ஒரு கனமீற்றரில் 9.2 கிராம் நீராவி இருக்கலாம். நான்கு பேர் மணிக்கு 160 கிராம் சேர்க்கிறார்கள். வெளியே 5 பாகையில் முழு ஈரமான காற்று இருந்தால், அது 6.8 கிராமோடு உள்ளே வந்து 9.2 கிராமோடு வெளியே போகும். ஒவ்வொரு கனமீற்றரும் 2.4 கிராமைத்தான் தூக்கிச் செல்லும். ஆகவே மணிக்கு ஏறக்குறைய 67 கனமீற்றர் காற்று மாற வேண்டும். வெளியே 0 பாகை என்றால் 37 போதும். பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை என்றால் 23 கனமீற்றரே போதும். வெளியே 10 பாகையும் மூடுபனியும் என்றால்? அந்தக் காற்றே 9.4 கிராமோடு வருகிறது; எவ்வளவு திறந்தாலும் 60 சதவீதத்துக்கு இறக்க முடியாது. உள்ளே இன்னும் சூடேற்றினால்தான் உண்டு.

இந்தக் கணக்கை முதலில் போட்டபோது நான் பென்சிலை வைத்துவிட்டுத் திரும்பவும் சரிபார்த்தேன். குளிர் கூடக் கூட வேலை சுலபமாகிறது. உறைய வைக்கும் கனடாவை விட, மூடுபனி அப்பிய நுவரெலியாவில்தான் ஒரு வண்டியை உலர வைப்பது கடினம். எங்கள் ஊரில் மார்கழி மழையில் காற்றோட்டத்தால் உலர்த்துவது நடக்காத காரியம். நாங்கள் பிறந்ததிலிருந்து கற்றுக்கொண்டதோ, திறந்தால் ஈரம் வரும் என்பதுதான். அது எங்கள் ஊருக்கு முழுக்கச் சரி. மலை ஏறும்போது வழியில் எங்கோ ஓரிடத்தில் அந்த விதி தலைகீழாகிறது. நாங்கள் அதைக் கவனிக்காமல் பழைய விதியோடே படுத்துவிட்டோம்.

திறந்தால் குளிருமே என்பார்கள். குளிரும். ஆனால் பயப்படும் அளவுக்கு அல்ல. மணிக்கு 37 கனமீற்றர் காற்றை 0 பாகையிலிருந்து 18-க்குச் சூடேற்றத் தேவையான வலு 230 வாற்று அளவுதான். தூங்குகிற நான்கு பேரின் உடம்பு வெளியிடும் வெப்பமே அதற்குக் கிட்ட வந்துவிடும். தகரச் சுவர்களால் போகும் வெப்பம் அதைவிடப் பன்மடங்கு. குளிருக்குப் பயந்து நூலிடைவெளியை அடைப்பவர், சுவரில் வெப்பக் காவலி ஒட்டாமல் விட்டிருந்தால் செலவைத் தவறான இடத்தில் மிச்சம் பிடிக்கிறார்.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் ஒரு பழைய ஆர்.வி படுக்கை வண்டி வாங்கினார். கோடையில் குடும்பமாக ஏரிக்கரைகளுக்குப் போய்வந்தவர், ஒரு கார்த்திகை மாதம் பிள்ளைகளுக்குப் பனியைக் காட்ட அல்கொன்குவின் பூங்காப் பக்கம் அதை ஓட்டிப்போனார். இரவு பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை. மறுநாள் தொலைபேசியில் அவர் சொன்ன முதல் வசனம், "மச்சான், கூரை ஒழுகுது." நானும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவருக்கு நடந்தது எங்களுக்கு நடந்ததை விட ஒரு படி மேல். ஒற்றைக் கண்ணாடி யன்னலின் உட்பரப்பு, உள்ளே 20 பாகையாக இருந்தாலும், வெளியே அந்தக் குளிரில் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். ஆகவே இரவு முழுவதும் தண்ணீர் துளியாக வடியாமல் உறைபனியாகக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறது: கண்ணாடியில், அலுமினியச் சட்டத்தில், கூரைத் துவாரத்தின் விளிம்பில், ஒவ்வொரு திருகாணித் தலையிலும். யாருக்கும் தெரியவில்லை. காலையில் வெயில் கூரையில் பட்டதும் ஓர் இரவின் தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் உருகி இறங்கியது. கதவின் றப்பர் பட்டையில் சேர்ந்த தண்ணீர் உறைந்து கதவு ஒட்டிக்கொண்டதால் சிறிது நேரம் வெளியே வரவும் முடியவில்லை. இரட்டைக் கண்ணாடி என்றால் அதே குளிரில் உட்பரப்பு 9 பாகை அளவில் நின்றிருக்கும். அப்போது உள்ளே சாரீரப்பதன் 40 சதவீதமாக இருந்தால் பனிபடுநிலை 6 பாகை, கண்ணாடி உலர்ந்திருக்கும். கடும் குளிரில் வீட்டுக்குள் 30 சதவீத அளவில் வைத்திருக்கும்படி கனடாவில் சொல்லப்படுவதன் கணக்கு இதுதான்.

மச்சானுக்கு நான் சொன்னது சுருக்கம். கூரைத் துவாரத்தை இரண்டு விரல் திற, எதிர்ப்பக்கத்தில் கீழே ஒரு யன்னலை ஒரு விரல் திற. சூடான ஈரக் காற்று மேலால் போகும், உலர்ந்த காற்று கீழால் வரும். அரிசி உலையில் கொதிக்கும்போது மூடியைப் போடு, விசிறியைப் போடு. மெத்தைக்கும் பலகைக்கும் இடையே காற்றுப் போக வழி வை. கம்பிவலை, மரச்சட்டம், எது கிடைத்தாலும் சரி. அலுமாரிக் கதவுகளைத் திறந்து வை; வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியின் உட்புறம்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும் இடம், ஏனென்றால் வெப்பம் அங்கே போவதில்லை, ஈரம் மட்டும் போகிறது. சுருக்கியால் இயங்கும் ஈரமகற்றும் கருவி குளிர்ந்த வண்டிக்குள் தன் சுருளிலேயே பனி கட்டிச் சோர்ந்துவிடும். வாங்குவதென்றால் உறிஞ்சியால் இயங்கும் வகை. கடையில் விற்கும் உறிஞ்சிப் பெட்டிகள் பூட்டிய அலுமாரிக்கும் நிறுத்திவைத்த வண்டிக்கும் உதவும். தூங்குகிறவர்களின் மூச்சுக்கு அவை ஈடுகொடுக்கா.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். சூட்டுக்காகக் காஸ் அடுப்பை எரித்துவிட்டுப் படுக்காதே. அது தண்ணீரைச் சேர்க்கிறது என்பது சிறிய காரணம். அடைத்த வண்டிக்குள் ஒட்சிசன் குறையும்போது அது காபனோரொட்சைட்டை வெளியிடும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். வண்டிக்கான சூடாக்கி என்றால் எரியும் அறை தனியே அடைக்கப்பட்டு, புகையும் நீராவியும் குழாயால் வெளியே போகிற வகையாக இருக்க வேண்டும். அது எரிவதால் பிறக்கும் தண்ணீர் உள்ளே வராது. அது தரும் வெப்பம் மட்டும் வரும்.

கனடாவில் இந்தப் பாடத்தை வீடு கட்டுகிறவர்களும் படிப்படியாகத்தான் கற்றார்கள். பழைய வீடுகள் ஓட்டை ஒடிசலாக இருந்ததால் ஈரம் தானாகப் போய்விட்டது. எரிபொருள் விலை ஏறியதும் வீடுகளை இறுக்கி அடைத்தார்கள். ஈரம் உள்ளே தங்கியது. 1977-இல் ரெஜைனா நகரில் கட்டிய சஸ்காச்சுவான் சேமிப்பு வீடு இதற்கு ஒரு விடை கண்டது: வீட்டைக் காற்றுப் புகாமல் கட்டிவிட்டு, வெளியே போகும் சூடான ஈரக் காற்றையும் உள்ளே வரும் குளிர்ந்த உலர் காற்றையும் ஒரு பெட்டிக்குள் மெல்லிய தடுப்புகளின் இருபுறமாக ஓடவிட்டார்கள். போகிற காற்று தன் வெப்பத்தை வருகிற காற்றுக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீரோடு வெளியேறுகிறது. இன்று அங்கே புதிய வீடுகளில் இந்தப் பெட்டி சாதாரணம். நிலக்கீழ் அறைகளில் வாடகைக்கு இருக்கும் எங்கள் பிள்ளைகள் பலர், சத்தம் போடுகிறது, குளிர் காற்று வருகிறது என்று அதை நிறுத்திவிடுகிறார்கள் என்று மச்சான் சொன்னார். புட்டும் இடியப்பமும் அவிக்கிற, உடுப்பை உள்ளேயே உலர்த்துகிற வீட்டில் அதை நிறுத்துவது எனக்கு வேதனை தருகிறது. இருமலோடு வளரும் சிறு பிள்ளைகளுக்குப் பக்கத்துச் சுவரில் கறுப்புப் புள்ளிகள் இருப்பதைப் படங்களில் பார்த்திருக்கிறேன்.

எதிர்ப்பக்க எல்லையும் உண்டு. பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையிலிருந்து வரும் காற்றை 20 பாகைக்குச் சூடேற்றினால் அதன் சாரீரப்பதன் 12 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். அளவுக்கு மேல் திறந்தால் உதடு வெடிக்கும், மூக்கில் இரத்தம் கசியும். ஊரிலிருந்து ஆசையோடு கொண்டுபோன வீணையின் பலாமரக் குடம் பிளந்துபோன வீடுகள் அங்கே இருக்கின்றன. மரம் தன் தண்ணீரை வேகமாக இழந்தால் சுருங்கும். ஒரு பக்கம் முந்திச் சுருங்கினால் வெடிக்கும். வீணை வைத்திருப்பவர்கள் அந்த அறையில் மட்டும் ஈரத்தைக் கூட்டுகிறார்கள். யன்னலில் மூட்டம் படிகிறதா என்று பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை அது.

அத்தானின் வானுக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லி முடிக்கிறேன். சுவருக்கும் கூரைக்கும் நுரைக் காவலி ஒட்டினோம், கூரையில் ஒரு சிறிய விசிறித் துவாரம் வைத்தோம். பலகையை என்ன செய்வது என்பதுதான் யோசனையாக இருந்தது. மார்கழியில் எங்கள் ஊரில் எதையும் உலர்த்த முடியாது. ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் வீசும். தென்மேல் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வந்து மலைநாட்டில் மோதி மேலேறும். ஏற ஏறக் குளிர்ந்து, தாங்க முடியாத தண்ணீரை அந்தப் பக்கச் சரிவிலேயே மழையாக இறக்கிவிடும். பிறகு எங்கள் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடேறி, உலர்ந்த காற்றாகக் கிழக்குக் கரைக்கு வரும். மலைநாடு முழுவதுமே ஒரு பெரிய குளிர்ந்த யன்னல். எங்கள் வானுக்குள் கண்ணாடியில் நடந்ததுதான் அங்கே மலைச்சரிவில் நடக்கிறது. கருவாடு காய்வதும் வடகம் காய்வதும் அந்தக் காற்றில்தான்.

ஆடி மாதத்தில் பலகைகளைக் கழற்றி உவர்மலையில் எங்கள் வீட்டு மாடியில் நிறுத்தினோம். மீன் நிறுக்கும் தராசு ஒன்றை அயலவரிடம் இரவல் வாங்கி, முதல் நாள் நிறுத்தபோது பெரிய பலகை 16 கிலோ. பன்னிரண்டு நாள் கச்சான் வீசியது. பெரியம்மா ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்து பலகையைத் திருப்பி வைத்தார். பிறகு நிறுத்தோம்: 15 கிலோவும் கொஞ்சமும். அந்தச் சூட்டோடே அத்தான் இருபுறமும் விளிம்பும் விடாமல் மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தார்.